ஊஞ்சல் உத்திரத்துக்கு இரண்டு தூண்கள்

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தின் நடு உத்திரத்துக்கு அடியில் இரண்டு சவுக்கு முட்டுகள் சில மாதங்கள் நின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஒருநாள் கூரையின் பூச்சு பெயர்ந்து ஊஞ்சல் பலகையின் மேல் விழுந்தது. மறுநாளே ஒரு கொத்தனார் வந்து அவற்றை நிறுத்தி, தலைப்பில் மா மரத்து ஆப்புகளை அடித்து இறுக்கிவிட்டுப் போனார். முட்டு நிற்கிறது, இனிப் பயமில்லை என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். சித்திரை மாதத்தில் ஒருநாள் ஏதோ சந்தேகத்தில் ஏணி வைத்து ஏறி, தினசரிக் காலண்டரில் அன்று காலை கிழித்த தாளை ஆப்புக்கும் உத்திரத்துக்கும் நடுவில் செருகிப் பார்த்தேன். தாள் எந்தத் தடையும் இல்லாமல் மறுபக்கம் வந்தது. இன்னொரு முட்டிலும் அப்படியே. ஆக, அந்த இரண்டு கட்டைகளும் உத்திரத்தின் எடையில் ஒரு கிலோவைக்கூடத் தாங்காமல் வெறுமனே நின்றிருந்தன.

மழைக்காலத்தில் ஈரத்தோடு அடித்த ஆப்பு வெயிலில் குறுக்குவாட்டில் சுருங்கியிருக்கிறது. முட்டின் அடி தரையில் சற்றே அமுங்கியிருக்கிறது. நீரூறியிருந்த கூரை காய்ந்து எடை குறைந்ததில் உத்திரமும் ஓரிரு மயிரிழை மேலே போயிருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு தாள் நுழையும் இடைவெளி தாராளமாகக் கிடைத்துவிடும். ஆனால் ஆப்பு சுருங்காமல் இருந்திருந்தாலும் அந்த முட்டுகளால் பெரிய பயன் இருந்திருக்காது என்பதைப் பிறகுதான் கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டேன்.

வீடு மெட்ராஸ் டெரஸ் தளம் போட்ட பழைய வீடு. கூடம் 20 அடி நீளம், 15 அடி அகலம். அகலவாக்கில், சுவருக்குச் சுவர், 9 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் (கணக்குக்கு 225-க்கு 300 மி.மீ. என்று எடுத்துக்கொண்டேன்) உள்ள தேக்கு உத்திரம் ஒன்று போகிறது. அதன் இரு பக்கமும் 10 அடி நீளச் சட்டங்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. சட்டங்களின் மேல் சன்னமான டெரஸ் செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவாக்காகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த காரை, அதற்கும் மேல் தட்டோடு. இந்தத் தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 4.2 கிலோநியூட்டன் எடை வரும் (ஒரு கிலோநியூட்டன் என்பது சுமார் 100 கிலோவின் எடை). போதாததற்கு, ஒழுகலை நிறுத்துவதாகச் சொல்லி எங்கள் தாத்தா காலத்துக்குப் பிறகு யாரோ மேலே இரண்டு அங்குலம் சிமெண்ட் கான்கிரீட்டும் போட்டுவைத்திருந்தார்கள். அது 1.2 கிலோநியூட்டன். உத்திரம் சுமக்கும் பரப்பு 150 சதுர அடி என்பதால், மொத்தச் சுமை 7.7 டன், அதில் 1.7 டன் அந்தச் சிமெண்ட் பூச்சு மட்டும்.

நான் கட்டடப் பொறியாளன் அல்லன். இயந்திரப் பட்டறையில் அளவுக் கருவிகளோடு வேலை பார்த்தவன். எனவே இங்கே வரும் எண்களை எல்லாம் நான் போட்டபின், ஓய்வுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகே வேலையைத் தொடங்கினோம். இதைச் செய்யாமல் யாரும் உத்திரத்துக்கு அடியில் ஜாக்கி வைக்கக் கூடாது.

முதலில் தொய்வை அளந்தேன். உத்திரத்தின் இரு முனைகளிலும் அடிமுகத்தை ஒட்டி ஆணி அடித்து நைலான் நூலை விறைப்பாகக் கட்டி, நடுவில் எஃகு அளவுகோலை வைத்தால் 38 மி.மீ. வந்தது. சுவருக்குச் சுவர் உள்ள இடைவெளியில் இது 120-இல் ஒரு பங்கு. மர உத்திரங்களுக்குப் பொதுவாக ஏற்கப்படும் 240-இல் ஒரு பங்கைப் போல் இரண்டு மடங்கு. தேக்கின் மீள்குணகத்தை, அதாவது வளையாமல் எதிர்க்கும் விறைப்பின் அளவை, சதுர மில்லிமீட்டருக்கு 10,000 நியூட்டன் என்று வைத்துக் கணக்கிட்டால், இந்தச் சுமைக்கு 18 அல்லது 19 மி.மீ. தொய்வுதான் வரவேண்டும். மீதி, பல ஆண்டுகள் சுமையின் கீழே கிடந்து மரம் நிரந்தரமாக வாங்கிக்கொண்ட வளைவு. சுமையை முழுக்க எடுத்தாலும் அது திரும்பாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் உத்திரத்தை நூல் பிடித்தாற்போல் நேராக்க முயன்றால் மரம் பிளந்துவிடும்.

அடுத்தது தகைவு, அதாவது மரத்துக்குள் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் விசை. சீரான சுமையைச் சுமந்து இரு முனைகளில் மட்டும் நிற்கும் உத்திரத்தில், ஒரு மீட்டர் நீளத்துக்கான சுமையை இடைவெளியின் வர்க்கத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் நடுவில் வரும் வளைவுத் திருப்புத்திறன், அதாவது உத்திரத்தை வளைக்கப் பார்க்கும் திறன், கிடைக்கும். எங்கள் உத்திரத்துக்கு மீட்டருக்கு 16.5 கிலோநியூட்டன், இடைவெளி 4.57 மீட்டர், திருப்புத்திறன் 43 கிலோநியூட்டன்-மீட்டர். அதை 9-க்கு 12 அங்குலக் குறுக்குவெட்டு தாங்கினால் அடிநாரில் இழுதகைவு சதுர மில்லிமீட்டருக்கு 12.8 நியூட்டன். புதிய, நல்ல தேக்குக்கே இது தாராளமான அளவு அல்ல. எங்களுடையதோ மேற்கு முனையில், சுவருக்குள் போகும் இடத்தில், ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் இரண்டு அங்குலம் உள்ளே இறங்கும் மரம்.

வீட்டில் எல்லோரும் ஊஞ்சலைத்தான் குற்றம் சொன்னார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பலகையும் சங்கிலியும் இரண்டு பேரும் சேர்ந்து 200 கிலோ இருக்கட்டும். செங்குத்திலிருந்து 30 பாகை வரை வீசி ஆடினாலும், அடியில் வரும்போது சங்கிலியில் விழும் இழுவிசை நிலையான எடையைப் போல் 1.27 மடங்குதான், அதாவது 250 கிலோ சுமார். 7.7 டன்னுக்கு முன்னால் அது பொருட்டே அல்ல. குற்றவாளி மொட்டைமாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த சிமெண்ட். இதைச் சொன்னபின்தான் அம்மாவின் முகம் தெளிந்தது. ஊஞ்சலைக் கழற்றச் சொல்வேனோ என்று அதுவரை பயந்திருக்கிறார்.

இப்போது முட்டின் கதைக்கு வருகிறேன். உத்திரம் ஏற்கெனவே சுமையை வாங்கி, தொய்ந்து, தன் தகைவோடு சமநிலையில் நிற்கிறது. அதன் அடியைத் தொடும் அளவுக்கு ஒரு தூணைக் கொண்டுவந்து நிறுத்தினால், அந்தக் கணத்தில் தூணில் ஏறும் சுமை பூஜ்யம். இனிமேல் மாடியில் ஏறும் கூடுதல் எடையை மட்டுமே அது பங்கிட்டுக்கொள்ளும். ஏற்கெனவே உள்ள 7.7 டன்னும் அதன் 12.8 நியூட்டனும் அப்படியே உத்திரத்தில் இருக்கும். இருக்கும் தகைவைக் குறைக்க வேண்டுமானால், ஒன்று சுமையை இறக்கிவிட்டுத் தூணை நிறுத்திப் பிறகு ஏற்ற வேண்டும். அல்லது தூணின் வழியாக உத்திரத்தை மேல்நோக்கித் தள்ள வேண்டும். எவ்வளவு தள்ளுகிறோமோ அதே விகிதத்தில்தான் தூண் சுமையை வாங்கும். முழுப் பங்கையும் வாங்க, அந்த இடத்தில் உள்ள மீளக்கூடிய தொய்வு முழுவதையும் திருப்ப வேண்டும். பாதி திருப்பினால் பாதிப் பங்கு.

தூணை எங்கே வைப்பது என்பதில்தான் அதிக நாள் போயிற்று. நட்டநடுவில் ஒரே தூண் என்றால், அது அசையாமல் நின்றால், திருப்புத்திறன் நான்கில் ஒரு பங்காகக் குறையும். மொத்தச் சுமையில் எட்டில் ஐந்து பங்கு அந்த ஒரு தூணில் இறங்கும். ஆனால் ஊஞ்சல் இருப்பதும் அதே நட்டநடு. சுவரிலிருந்து சாய்வுக் கட்டை கொடுக்கலாமா என்று யோசித்தோம். சாய்வுக் கட்டை உத்திரத்தைத் தாங்கும்போது சுவரை வெளியே தள்ளும், சுண்ணாம்புச் சுவரை அப்படித் தள்ளக் கூடாது என்று பொறியாளர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். கடைசியில் ஊஞ்சலின் இரு பக்கமும் இரண்டு தூண்கள் என்று முடிவாயிற்று. ஊஞ்சல் உத்திரத்துக்குக் குறுக்காக ஆடுவதால் தூணில் இடிக்காது.

இடம் அடைக்காமல் இருக்கட்டும் என்று நான் சுவரிலிருந்து 3 அடியில் தூண்களை வரைந்திருந்தேன். பொறியாளர் அதைப் பார்த்துவிட்டு, முனையில் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். போட்டேன். சிமெண்ட் பூச்சை எடுத்தபின் வரும் 6 டன்னுக்கு, தூண்கள் முழுப் பங்கை வாங்கினால், நடுவில் உள்ள 9 அடி தொய்யும் வேகத்தில் சீசா பலகை போல உத்திரத்தின் இரு முனைகளும் மேலே கிளம்பப் பார்க்கும். முனைக்கு ஏறக்குறைய 160 கிலோ மேல்நோக்கு விசை. உளுத்த முனை சுவருக்குள் தூக்கிக்கொண்டு நிற்பது யாருக்கும் நல்லதல்ல. அதே தூண்களை 4 அடிக்கு நகர்த்தினால் முனைகள் 440 கிலோ போலக் கீழ்நோக்கியே அழுத்தும், திருப்புத்திறனும் எட்டில் ஒரு பங்காகிறது. ஓர் அடி தள்ளி வைத்ததில் விசையின் திசையே மாறிவிட்டது. நடுவில் 7 அடி மிச்சம். 5 அடி ஊஞ்சல் பலகைக்கு அது போதும்.

முழுப் பங்கையும் தூண்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்பது அடுத்த முடிவு. சட்டங்கள் உட்காருவதற்காக உத்திரத்தின் மேல்முகத்தில் ஓர் அங்குல ஆழத்துக்குப் பள்ளங்கள் வெட்டியிருக்கிறார்கள். இதுவரை மேல்முகம் அழுத்தத்தில் மட்டும் இருந்ததால் அந்தப் பள்ளங்களால் பெரிய கெடுதல் இல்லை. தூணின் தலைமேல் உத்திரம் எதிர்த்திசையில் வளைந்தால் அதே மேல்முகம் இழுவைக்கு வந்து, வெட்டின் மூலையில் விரிசல் விடலாம். ஆகவே தூணின் இடத்தில் உள்ள 10.7 மி.மீ. மீள்தொய்வில் 7 மி.மீ. மட்டும் தூக்குவது, அத்தோடு நிறுத்துவது.

அடுத்து வந்த மாசியில் மாடியில் இருந்த சிமெண்ட் பூச்சை உடைத்தோம். சுத்தியலும் உளியும்தான், அதிரும் இயந்திரம் எதையும் மேலே ஏற்றவிடவில்லை. உடைத்த சிமெண்டை அன்றன்றே கீழே இறக்கினோம், ஒரே இடத்தில் குவிக்கவும் விடவில்லை. ஒரு வாரம் கழித்து நூலை மறுபடி கட்டிப் பார்த்தால் தொய்வு 35 மி.மீ. கணக்கில் 4 வரவேண்டியது 3 வந்தது. ஒரு தூணும் இல்லாமலே தகைவு 12.8-லிருந்து 9.9-க்கு இறங்கியிருந்தது. தட்டோடு உடைந்த இடங்களில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கலந்து சுண்ணாம்புக் காரை போட்டு, கட்டையால் தட்டித் தட்டி இறுக்கினார்கள். அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

தூணுக்குக் கீழே அடித்தளம் எடுத்தோம். சிவப்பு ஆக்சைடு தரையை இரண்டு இடத்தில் இரண்டரை அடிச் சதுரமாக வெட்டி, மூன்றடி ஆழத்தில் மணற்பாங்கான மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, 10 மி.மீ. கம்பி வலையோடு கான்கிரீட் போட்டோம். இரண்டரை அடிச் சதுரம் இந்தச் சுமைக்குச் சற்று மிகைதான். ஆனால் அடித்தளம் 2 மி.மீ. இறங்கினாலும் தூக்கிய 7-இல் 2 போய்விடும் என்பதால் மிகை வேண்டியிருந்தது. தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்தி 28 நாள் விட்டோம். தூண், 100 மி.மீ. சதுர இரும்புக் குழாய், 5 மி.மீ. தடிமன். 11 அடி உயரத்துக்கு அது நெளிந்து முறிய வேண்டுமானால் கணக்குப்படி 490 கிலோநியூட்டன் வேண்டும், எங்கள் தேவை அதில் ஒரு சிறு பங்கு. தலையில் உத்திரத்தை இரு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் தொட்டில் போன்ற தகடு, அதற்குள் வால்டாக்ஸ் சாலையில் வாங்கிய பழைய தேக்குப் பலகைத் துண்டு. உத்திரத்தில் ஒரு துளைகூடப் போடவில்லை.

ஜாக்கிகளை வாடகைக்கு எடுத்தேன். கைப்பம்பும் அழுத்தமானியும் உள்ள ஹைட்ராலிக் ஜாக்கி இரண்டு. பிஸ்டனின் விட்டம் 40 மி.மீ., பரப்பு 12.57 சதுர செ.மீ.; எனவே மானி காட்டும் எண்ணை 12.57-ஆல் பெருக்கினால் கிலோவில் தூக்குவிசை கிடைத்துவிடும். இது முக்கியம். தொய்விலிருந்து விசையைக் கணக்கிட்டால் மரத்தின் மீள்குணகத்தை ஊகிக்க வேண்டியிருக்கிறது. மானியில் படித்தால் ஊகம் வேண்டாம். ஜாக்கிகளுக்குப் பக்கத்திலேயே, உத்திரத்துக்கு 5 மி.மீ. கீழே நிற்கும்படி காவல் முட்டுகள் இரண்டையும் நிறுத்தினோம். ஜாக்கி கைவிட்டால் உத்திரம் அவற்றின் மேல்தான் விழும்.

முதல் நாள் வேலை வீணாயிற்று. தூணுக்கு இடம் விட வேண்டும் என்று ஜாக்கியின் கால்களை அடித்தளத்துக்கு வெளியே, தரையில் பரப்பிய தடித்த பலகையின்மேல் வைத்திருந்தேன். தொய்வை நூலில் பார்க்காமல், ஜாக்கியின் பிஸ்டன் வெளியே வந்த நீளத்தைத் தூக்கிய அளவாக எடுத்துக்கொண்டேன். மாலையில் பிஸ்டன் 3 மி.மீ. வந்திருந்தது, நல்ல தொடக்கம் என்று நினைத்தேன். மறுநாள் காலை மானியில் அழுத்தம் பாதியாகிக் கிடந்தது. எண்ணெய் கசிகிறதோ என்று தடவிப் பார்த்தேன். கை காய்ந்தே இருந்தது. பலகையின் ஓரத்தைக் குனிந்து பார்த்தபோதுதான் சிவப்புத் தரையில் மயிர்க்கோடாக ஒரு விரிசல், பலகை தரைக்குள் 2 மி.மீ. புதைந்திருந்தது. உத்திரம் நான் நினைத்த அளவுக்கு மேலே போகவில்லை. தரைதான் கீழே போயிருக்கிறது. பட்டறையில் முப்பது ஆண்டு டயல் கேஜ் பிடித்த எனக்கு, அளவைக் குறிக்கும் இடம் அசையாததாக இருக்க வேண்டும் என்பது மறந்துபோனது வெட்கமாக இருந்தது. ஜாக்கிகளை அடித்தளத்தின் மேலேயே, தூணை ஒட்டி நகர்த்தினோம். அளவு முழுக்கச் சுவருக்குச் சுவர் கட்டிய நூலிலிருந்து மட்டும்.

அதன்பின் நாளுக்கு 1 மி.மீ. என்று இரு பக்கமும் சேர்த்துத் தூக்கினோம். பம்பை நானும் ஆசாரியும் ஆளுக்கொன்றாகப் பிடித்தோம். வயதானவர், உத்திரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டுதான் பம்பை அழுத்துவார். நான்காம் நாள் மேலே எங்கோ படக்கென்று ஒரு சத்தம்.

"தம்பி, நிறுத்து. கட்டை பேசுது" என்றார்.

"விரிசலா, பெரியவரே?"

"விரிசல்னா கையில தெரியும். இது சட்டம் நகர்ந்து உக்காருது. இன்னைக்கு இதோட விடு, நாளைக்குப் பாக்கலாம்."

ஏறிப் பார்த்ததில் அவர் சொன்னதே சரி. ஒரு சட்டத்தின் முனையில் பழைய சுண்ணாம்பு உதிர்ந்து, பள்ளத்துக்குள் புதிய வெள்ளைக் கோடு தெரிந்தது. மறுநாளும் தூக்காமல் விட்டோம். எட்டாவது மில்லிமீட்டரில் இரு மானிகளும் 140-ஐ ஒட்டி நின்றன, அதாவது தூணுக்கு 1,760 கிலோ. என் கணக்கு 151 என்று சொல்லியிருந்தது; ஆக மரம் நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் இளக்கமானது.

இலக்கு 7 என்றாலும் 8 வரை தூக்கியதற்குக் காரணம் இருக்கிறது. ஜாக்கியை விட்டதும் தகடுகள் ஒன்றோடொன்று படியும், பலகை நசுங்கும், அடித்தளமும் சற்று இறங்கும். ஏறக்குறைய 1 மி.மீ. போகும். தூணின் தலைக்கும் தொட்டிலுக்கும் நடுவில் 10, 5, 2, 1 மி.மீ. எஃகுத் தகடுகளை அடுக்கி, கடைசியாக அரை மி.மீ. தகட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டிச் செருகி, இரு ஜாக்கிகளையும் ஒரே நேரத்தில் நூல் நூலாக விட்டோம். தூணின் இடத்தில் நின்றது 7 மி.மீ. ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தகடுகளை ஓரத்தில் வெல்டிங் செய்தோம். தொட்டிலுக்குள் இருந்த தேக்குப் பலகையில் ஈரத்துணியைச் சுற்றி, வாளித் தண்ணீரோடு ஒருவர் பக்கத்திலேயே நின்றார். இம்முறை மரத்தாலான ஆப்பு எங்கும் இல்லை. தொட்டிலில் உள்ள பலகை ஒன்றுதான் மரம். அதுவும் பல ஆண்டு காய்ந்தது.

இப்போதைய நிலை இது. தூணுக்கு 1.5 டன் சுமை. நடுவில் திருப்புத்திறன் 15 கிலோநியூட்டன்-மீட்டர், தகைவு 4.4 நியூட்டன், தொடக்கத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். உத்திரம் எந்த இடத்திலும் எதிர்த்திசையில் வளையவில்லை, மேல்முகப் பள்ளங்கள் அழுத்தத்திலேயே இருக்கின்றன. எனக்கு இதைவிட மகிழ்ச்சி தந்தது மேற்கு முனை. அங்கே சுவரின்மேல் 3.85 டன் அமர்ந்திருந்தது, இப்போது ஒன்றரை டன்னுக்கும் கீழே. அந்த உளுத்த மரத்தைச் செதுக்கி எடுத்து, நல்ல மரம் ஒட்டுவதற்கு அவகாசம் கிடைத்திருக்கிறது.

நடுத் தொய்வு இன்னும் 26 மி.மீ. இருக்கிறது. வருபவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, இவ்வளவு செய்தும் வளைந்துதானே இருக்கிறது என்கிறார்கள். அது மரத்தின் பழைய வளைவு, இருந்துவிட்டுப் போகட்டும். தூண்களுக்கு ஆசாரி தேக்குப் பலகை போர்த்தி, அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கல் பதித்துவிட்டார். கூடத்தைக் கழுவினால் இரும்பில் தண்ணீர் நிற்காது. நூலும் ஆணியும் அப்படியே இருக்கின்றன. மழை முடிந்து மார்கழியில் அளந்தபோது 27, வெயிலில் மறுபடி 26. காலண்டர் தாளைத் தொட்டிலின் ஓரத்தில் செருகப் பார்த்தேன். நுனி மடங்கிக் கிழிந்தது.